ஜாவாஸ்கிரிப்டுக்குப் புதிய அர்ரே மெத்தடை முன்மொழிவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஓர் அர்ரேயை (மதிப்புகளின் பட்டியலை) நிபந்தனைப்படி இரண்டாகப் பிரித்துத் தரும் மெத்தடை (அர்ரேயின்மீது அழைக்கும் ஃபங்ஷனை) எழுதச் சொன்னால், ஓரளவு பழகியவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். அதையே ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குள் கொண்டுவர வேண்டுமென்றால் இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கலாம். கடைசிவரை வராமலே போகவும் கூடும். இதில் யாருடைய சோம்பலும் இல்லை. நிரல் எழுதுவது இந்த வேலையில் மிகச் சிறிய பங்கு. பெயர் தேர்வது, விளிம்பு நிலைகளில் என்ன நடக்க வேண்டும் என்று முடிவுசெய்வது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எண்ணற்ற இணையப் பக்கங்களை உடைக்காமல் நுழைவது ஆகியவைதான் மீதி. ஒருமுறை உலாவிகளில் ஏறி, பக்கங்கள் அதை நம்பத் தொடங்கிவிட்டால், பிறகு அந்த மெத்தடைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே ஒவ்வொரு சொல்லையும் உரசிப் பார்க்கிறார்கள்.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: ‘பார்ட்டிஷன்’. ஓர் அர்ரேயையும் ஒரு நிபந்தனை ஃபங்ஷனையும் கொடுத்தால், நிபந்தனையில் தேறிய உறுப்புகள் ஓர் அர்ரேயாகவும் தேறாதவை இன்னோர் அர்ரேயாகவும் கிடைக்க வேண்டும். இதை மொழியில் சேர்த்தே ஆக வேண்டும் என்று நான் வாதாடவில்லை. சேர்க்கலாமா வேண்டாமா என்று சட்டென்று தீர்ப்புச் சொல்ல முடியாத ஒன்று என்பதாலேயே பயிற்சிக்கு ஏற்றது.

முதலில், முடிவு யார் கையில்?

ஜாவாஸ்கிரிப்டின் அதிகாரபூர்வ வடிவம் எக்மா-262 என்ற தரநிலை. முதல் பதிப்பு 1997இல் வந்தது. எக்மா இன்டர்நேஷனல் அமைப்பின் 39ஆவது தொழில்நுட்பக் குழு, சுருக்கமாக டிசி39, இதைப் பராமரிக்கிறது. உலாவி தயாரிக்கும் நிறுவனங்கள், மொழியைப் பெரிய அளவில் பயன்படுத்தும் நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள் முதலியவற்றின் பிரதிநிதிகள் ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கூடுகிறார்கள். இங்கே பெரும்பான்மை வாக்கு கிடையாது. கருத்தொற்றுமை வேண்டும், அதாவது, காரணத்தோடு மறுக்கும் ஒரே ஓர் உறுப்பினர்கூட முன்மொழிவை அந்தக் கூட்டத்தில் நிறுத்திவிட முடியும். உங்கள் எழுத்து யாரை நோக்கி இருக்க வேண்டும் என்பது இதிலிருந்தே தெரியும். ஆதரிக்கும் பத்துப் பேரை மகிழ்விப்பதைவிட, சந்தேகப்படும் ஒருவரின் கேள்விக்கு விடை வைத்திருப்பதுதான் பயன்தரும்.

ஒவ்வொரு முன்மொழிவும் நிலை நிலையாக நகர்கிறது. 0 என்பது வெறும் யோசனை. 1 என்றால், ‘இந்தப் பிரச்சினைக்கு நேரம் செலவிடலாம்’ என்று குழு ஒப்புக்கொண்டது என்று பொருள். 2ஆம் நிலையில் தீர்வின் வடிவமும் விவரக்குறிப்பின் வரைவும் இருக்க வேண்டும். 2.7இல் விவரக்குறிப்பு முழுமையடைந்து, கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்திருக்கும். சோதனைகள் எழுத வேண்டிய கட்டம் அது. 3ஆம் நிலையில் எஞ்சின்கள், அதாவது ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்கள், செயல்படுத்தத் தொடங்கும். 4ஐத் தொட்டால் அடுத்து வரும் ஆண்டுப் பதிப்பில் இடம் உறுதி. 2.7 என்ற விசித்திரமான எண் 2023இன் இறுதியில் வந்தது. ஏற்கெனவே 3ஆம் நிலை என்ற பெயருக்கு வெளியுலகில் ஒரு பொருள் பதிந்துவிட்டதால், எண்களை மாற்றாமல் நடுவில் ஒன்றைச் செருகினார்கள். தாங்கள் உருவாக்கிய எண்களையே திரும்பப் பெறத் தயங்கும் குழு இது. உங்கள் மெத்தடின் பெயரை எப்படிப் பார்க்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

பிரச்சினையை எழுதுங்கள், தீர்வை அல்ல

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ‘இந்த மெத்தட் வேண்டும்’ என்று தொடங்குகிறார்கள். குழு கேட்பது வேறு: இப்போது மக்கள் என்ன செய்கிறார்கள், அதில் எங்கே வழுக்கி விழுகிறார்கள்?

பார்ட்டிஷனுக்கு இதை எழுதிப் பார்ப்போம். மின்னஞ்சல் முகவரிகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. செல்லுபடியானவை, செல்லாதவை என்று பிரிக்க வேண்டும். பலரும், நிபந்தனையில் தேறியவற்றை மட்டும் தரும் ‘ஃபில்டர்’ மெத்தடை இருமுறை அழைக்கிறார்கள். இரண்டாம் முறை நிபந்தனையைத் தலைகீழாக்கி. இதனால் ஒவ்வோர் உறுப்புக்கும் நிபந்தனை இருமுறை ஓடுகிறது. நிபந்தனை கனமானதாக இருந்தால் நேரம் வீண். அழைக்கும்தோறும் வேறு விடை தரக்கூடியதாக இருந்தால் இன்னும் மோசம்: ஒரே உறுப்பு இரண்டு அர்ரேகளிலும் வரலாம், எதிலும் வராமலும் போகலாம். இன்னும் சிலர், அர்ரேயைச் சுற்றிவந்து ஒரே விடையாகச் சேர்க்கும் ‘ரெட்யூஸ்’ கொண்டு எழுதுகிறார்கள். அது ஓடும், ஆனால் படிப்பவர் நின்று யோசிக்க வேண்டியிருக்கும்.

இங்கே குழுவில் ஒருவர் கட்டாயம் கையைத் தூக்குவார்: ‘ஆப்ஜெக்ட்.குரூப்பை’ 2024 பதிப்பிலேயே வந்துவிட்டதே, அது போதாதா? இந்தக் கேள்விக்கு உங்கள் ஆவணத்தில் விடை இல்லையென்றால் உள்ளே நுழையவே வேண்டாம். விடை இதுதான். நிபந்தனை ட்ரூ அல்லது ஃபால்ஸ் தருகிறது. குரூப்பை அவற்றையே கீகளாக (தொகுதிகளின் பெயர்களாக) வைத்து உறுப்புகளைத் தொகுக்கிறது. பட்டியலில் எல்லா முகவரிகளும் செல்லுபடியானவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஃபால்ஸ் என்ற கீயே உருவாகாது. ‘செல்லாதவை எத்தனை’ என்று அதன் நீளத்தைக் கேட்கும் வரி, அன்டிஃபைண்டிடம் (மதிப்பு இல்லை என்பதன் குறியிடம்) நீளம் கேட்டு டைப்எரர் என்ற பிழையை வீசும். பிழையுள்ள தரவோடு சோதித்துப் பார்த்தபோது ஒழுங்காக ஓடிய நிரல், எல்லாம் சரியாக இருக்கும் நாளில் விழும். பார்ட்டிஷன் எப்போதும் இரண்டு அர்ரேகளைத் தரும். ஒன்று காலியாக இருக்கலாம், இல்லாமல் போகாது.

இதோடு நிறுத்தினால் அரைகுறை நேர்மை. குரூப்பை தரும் விடையைப் பிரித்தெடுக்கும்போதே, ‘இல்லையென்றால் வெற்று அர்ரே’ என்று இயல்புநிலை மதிப்புக் கொடுத்துச் சமாளிக்க முடியும். அதை நீங்களே எழுதிவிடுங்கள். மறைத்துவைத்து, கூட்டத்தில் இன்னொருவர் எடுத்துக்காட்டினால் முழு ஆவணத்தின் மீதும் நம்பிக்கை குறையும். என் கணிப்பில் பார்ட்டிஷன் முன்மொழிவின் தலைவிதி இந்த ஒரு பத்தியில்தான் இருக்கிறது: அந்த இயல்புநிலை மதிப்பை எழுத மறப்பவர்கள் எத்தனை பேர் என்பதற்கு நடைமுறை நிரல்களிலிருந்து சான்று காட்ட முடிந்தால் வாய்ப்பு உண்டு; முடியாவிட்டால் கடினம்.

சான்று தேடப் பொதுவெளியில் இருக்கும் திறந்த மூல நிரல்கள் போதும். ஒரே அர்ரேயின் மீது அடுத்தடுத்து எதிரெதிர் நிபந்தனைகளோடு ஃபில்டர் அழைக்கப்படும் இடங்களையும், லோடாஷ் போன்ற லைப்ரரிகளின் பார்ட்டிஷனை இறக்குமதி செய்யும் இடங்களையும் தேடுங்கள். ‘எனக்குத் தேவைப்பட்டது’ என்பது சான்றாகாது.

முன்னால் வந்தவர்களைத் தேடுங்கள்

முன்மொழிவுகளின் பட்டியல் முழுவதும் கிட்ஹப்பில் திறந்தே கிடக்கிறது. நடப்பில் இருப்பவை, முடிந்தவை ஆகியவற்றோடு செயலற்றுப்போனவற்றின் பட்டியலையும் பாருங்கள். கூட்டக் குறிப்புகளும் பொதுவில் இருக்கின்றன; யார் என்ன சொல்லித் தடுத்தார்கள் என்பது அங்கே பதிவாகியிருக்கும். மெத்தடின் பெயரை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். அது செய்யும் வேலையை வேறு என்னென்ன பெயரில் அழைத்திருப்பார்களோ அவற்றையும் போட்டுத் தேடுங்கள்.

அடுத்து, பிற மொழிகள். பார்ட்டிஷன் விஷயத்தில் இங்கேதான் சுவாரசியம் தொடங்குகிறது. ஹாஸ்கெல், ரூபி, ஸ்காலா, கோட்லின், ரஸ்ட் ஆகியவற்றில் இதே பெயரில் இருக்கிறது. தேறியவை முதலில், தேறாதவை பிறகு. பைத்தானில் உள்ளமைந்த ஃபங்ஷனாக இல்லை. ஆனால் ‘இட்டர்டூல்ஸ்’ ஆவணத்தின் செய்முறைகளில் ஒன்று உண்டு. அது தேறாதவற்றை முதலில் தருகிறது. ஸ்விஃப்டில் ‘பார்ட்டிஷன்’ புதிய அர்ரே எதையும் தராது. இருக்கும் அர்ரேயையே மாற்றியடுக்கி, தேறியவற்றைப் பின்னால் தள்ளிவிட்டு, பிரியும் இடத்தின் எண்ணைச் சொல்லும். சி++இல் உள்ளதும் இருக்கும் இடத்திலேயே மாற்றியடுக்குவதுதான், ஆனால் தேறியவை முன்னால். ஜாவாவின் குவாவா லைப்ரரியிலும் குளோஜரிலும் அதே பெயர் முற்றிலும் வேறு வேலையைக் குறிக்கிறது: பட்டியலைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டுவது. எலிக்சிர் ஒருகாலத்தில் இந்தப் பெயரை வைத்திருந்து, பிறகு ஒதுக்கிவிட்டு ‘ஸ்ப்ளிட் வித்’ என்று மாற்றிக்கொண்டது.

இந்த ஒப்பீட்டை ஒரு அட்டவணையாக ஆவணத்தில் வையுங்கள். ‘மற்ற மொழிகளில் எல்லாம் இருக்கிறது’ என்ற ஒற்றை வரியைவிட, ‘இருக்கிறது, ஆனால் இந்த இந்த இடங்களில் வேறுபடுகிறது’ என்ற அட்டவணைக்குப் பல மடங்கு மதிப்பு.

பெயர்: பாதி உயிர் இங்கேதான் போகும்

ஜாவாஸ்கிரிப்டின் அர்ரே வரலாற்றில் பெயர்களால் வந்த விபத்துகள் ஒரு நீண்ட வரிசை. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் பெயர் வைக்கக் கூடாது.

2016 பதிப்பில் வந்த ‘இன்க்ளூட்ஸ்’ முதலில் ‘கன்டெய்ன்ஸ்’ என்றுதான் முன்மொழியப்பட்டது. மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி அதே பெயரில் தன் மெத்தடை வைத்திருந்ததால் பக்கங்கள் உடைந்தன, பெயர் மாறியது. ‘ஏட்’ முதலில் ‘ஐட்டம்’ ஆக இருந்தது. யாஹூவின் ஒய்யூஐ லைப்ரரி, ஒரு பொருளில் ‘ஐட்டம்’ இருந்தால் அது பக்கத்தின் உறுப்புத் தொகுப்பு என்று முடிவுகட்டிவந்தது. எல்லா அர்ரேகளுக்கும் அது வந்துவிட்டால் அர்ரேகள் எல்லாம் உறுப்புத் தொகுப்புகளாகத் தோன்றும். ‘வேல்யூஸ்’ வந்தபோது வேறு வகைச் சிக்கல்: எக்ஸ்ட் ஜேஎஸ் லைப்ரரியின் வார்ப்புருக்கள், ஒரு பொருளின் உறுப்புகளை மாறிகள்போலப் பெயர் சொல்லி எடுக்கவிடும் ‘வித்’ கூற்றுக்குள் ‘வேல்யூஸ்’ என்ற மாறியைப் பயன்படுத்திவந்தன, அர்ரேயின் புதிய மெத்தட் அந்த மாறியை மறைத்துவிட்டது. இதைச் சரிசெய்யவே, ‘வித்’ கூற்றுக்குள் தென்படக் கூடாத பெயர்களைப் பட்டியலிடும் ‘அன்ஸ்கோப்பபிள்ஸ்’ என்ற சிம்பலை மொழியில் சேர்க்க வேண்டியதாயிற்று.

எல்லாவற்றிலும் புகழ்பெற்றது 2018 மார்ச்சில் வெடித்த ‘ஃபிளாட்டன்’ விவகாரம். அதை நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் விபத்தின் இயக்கம் யாரும் எதிர்பார்க்காதது. மூடூல்ஸ், அர்ரேயின் புரோட்டோடைப்பில் (எல்லா அர்ரேகளுக்கும் பொதுவான மெத்தடுகள் இருக்கும் பொருளில்) தன் சொந்த ‘ஃபிளாட்டன்’ மெத்தடை எழுதும். உள்ளமைந்தது ஒன்று இருந்தாலும் அதன்மேல் எழுதிவிடும். அப்படியானால் மோதலே இல்லையே என்று தோன்றும். ஆனால் அதே லைப்ரரி பிறகு அர்ரேயின் புரோட்டோடைப்பை ‘ஃபார்-இன்’ சுழற்சியில் சுற்றிவந்து, கண்ணில் பட்ட மெத்தடுகளை எல்லாம் தன் ‘எலிமென்ட்ஸ்’ வகைக்கு நகலெடுக்கிறது. மொழியில் உள்ளமைந்த மெத்தடுகள் இந்தச் சுழற்சியில் தென்படாதபடி குறிக்கப்பட்டவை. அவற்றின்மேல் புதிய மதிப்பை எழுதினாலும் அந்தக் குறி மாறாது. உலாவியில் உள்ளமைந்த ‘ஃபிளாட்டன்’ வந்ததும், மூடூல்ஸ் எழுதியதும் அந்தக் குறியைப் பெற்று மறைந்துபோனது, நகலெடுக்கப்படவில்லை, அதை அழைத்த பக்கங்கள் விழுந்தன. பெயரை ‘ஸ்மூஷ்’ என்று மாற்றலாம் என்று வேடிக்கையாக ஒரு பரிந்துரை எழ, பலர் அதை உண்மையென்று நம்பிக் கொதித்தார்கள். அதே ஆண்டு மே மாதம் ‘ஃபிளாட்’ என்று முடிவாகி, 2019 பதிப்பில் சேர்ந்தது.

‘குரூப்பை’யின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அதுவும் முதலில் அர்ரேயின் மெத்தடாகவே முன்மொழியப்பட்டது. சுகர் ஜேஎஸ் லைப்ரரியின் பழைய பதிப்போடு மோதியது. ‘குரூப்’ என்று சுருக்கிப் பார்த்தார்கள், அதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில் அர்ரேயின் புரோட்டோடைப்பையே விட்டுவிட்டு, ஆப்ஜெக்டிலும் மேப்பிலும் நிலையான (ஸ்டாட்டிக்) ஃபங்ஷன்களாக, அதாவது அர்ரேயின்மீது அழைக்காமல் அதை உள்ளீடாகத் தரும்படி, வைத்தார்கள்.

இப்போது ‘பார்ட்டிஷன்’. புரோட்டோடைப் ஜேஎஸ் என்ற பழைய லைப்ரரி அர்ரேகளுக்கு இதே பெயரில், இதே வேலைக்கு ஒரு மெத்தடைத் தருகிறது. வேலை ஒன்றுதான் என்பதால் ஆபத்து குறைவு என்று சொல்லிவிட முடியாது. ஃபிளாட்டனிலும் வேலை ஏறத்தாழ ஒன்றுதான். இதில் என் பரிந்துரை வெளிப்படையானது: அர்ரேயின் புரோட்டோடைப்பைத் தொடாதீர்கள். ‘அர்ரே.பார்ட்டிஷன்’ என்று நிலையான ஃபங்ஷனாக, முதல் உள்ளீடாகத் தரவையும் இரண்டாவதாக நிபந்தனையையும் வாங்கும்படி முன்மொழியுங்கள். குரூப்பை போட்டுக்கொடுத்த பாதை இது. அர்ரே மட்டுமல்லாமல் சுற்றிவரக்கூடிய எதையும் தரலாம் என்ற கூடுதல் நன்மையும் உண்டு. இழப்பு என்னவென்றால், மெத்தடுகளைப் புள்ளிவைத்துச் சங்கிலியாகக் கோக்க முடியாது. பார்ட்டிஷன் தருவது இரண்டு அர்ரேகளின் ஜோடி. அதன்பின் சங்கிலியைத் தொடர்வது எப்படியும் அரிது. எனவே இந்த இழப்பு பெரிதல்ல.

விளிம்பு நிலைகளை ஒவ்வொன்றாகத் தீர்மானியுங்கள்

ஆவணத்தில் ‘ஃபில்டரைப் போலவே நடக்கும்’ என்று எழுதிவிட்டுத் தப்பிக்க முடியாது. ஃபில்டர் ஒரு காலத்தின் பிள்ளை. பிறகு குழுவின் சுவை மாறிவிட்டது.

விடையின் வரிசை. தேறியவை முதலிலா, பிறகா? பைத்தான் செய்முறை காட்டுவதுபோல் இரண்டுக்கும் நியாயம் உண்டு: ஃபால்ஸ் என்பது 0, ட்ரூ என்பது 1 என்று பார்த்தால் தேறாதவை 0ஆவது இடத்தில் வருவதுதான் ஒழுங்கு. ஆனால் லோடாஷிலும் புரோட்டோடைப் ஜேஎஸ்ஸிலும் தேறியவை முதலில். ஜாவாஸ்கிரிப்ட் எழுதுபவர்களின் கை அதற்குத்தான் பழகியிருக்கிறது. இந்த விவாதம் நீளும் என்று தோன்றினால், இரண்டு பெயர் கொண்ட ஆப்ஜெக்டாகத் தரலாமா என்ற மாற்றையும் எழுதி, ஏன் வேண்டாம் என்றும் எழுதுங்கள்.

ஓட்டைகள். ஜாவாஸ்கிரிப்ட் அர்ரேயில் நடுவில் இடம் இருந்தும் உறுப்பே இல்லாத ஓட்டைகள் இருக்கலாம். ஃபில்டர், மேப், ஃபார்ஈச் போன்ற பழையவை ஓட்டைகளைத் தாண்டிச் செல்கின்றன. ஃபைண்ட், இன்க்ளூட்ஸ், டூசார்ட்டட் முதலிய பிந்தையவை அவற்றை அன்டிஃபைண்டாகப் படிக்கின்றன. புதியதற்குப் பிந்தைய வழியே பொருந்தும். சுற்றிவரக்கூடியவற்றை வாங்கும் நிலையான ஃபங்ஷனாக வைத்தால் இந்தக் கேள்வி தானாகவே தீர்ந்துவிடும். அர்ரேயைச் சுற்றிவரும்போது ஓட்டை அன்டிஃபைண்டாகவே வரும்.

துணை வகைகள். யாராவது அர்ரேயிலிருந்து தன் சொந்த வகையை உருவாக்கியிருந்தால், ஃபில்டர் அந்த வகையிலேயே விடை தர முயலும். ‘ஸ்பீஷீஸ்’ என்ற இந்த ஏற்பாடு எஞ்சின்களுக்குப் பெரும் தலைவலி. பாதுகாப்புக் குறைபாடுகளுக்கும் வழிவிட்டது. 2023 பதிப்பில் வந்த டூசார்ட்டட், டூரிவர்ஸ்ட், டூஸ்ப்ளைஸ்ட், வித் நான்கும் எப்போதும் சாதாரண அர்ரேயையே தருகின்றன. நீங்களும் அப்படியே செய்யுங்கள். இதில் புதுமை முயன்றால் எஞ்சின் பிரதிநிதிகள் அங்கேயே நிறுத்துவார்கள்.

கால்பேக்குக்கு, அதாவது நாம் தரும் நிபந்தனை ஃபங்ஷனுக்கு, என்னென்ன போகும்? பழைய மெத்தடுகள் உறுப்பு, அதன் எண், முழு அர்ரே ஆகிய மூன்றையும் அனுப்புகின்றன. கூடவே ‘திஸ்’ மதிப்பைத் தரும் விருப்ப உள்ளீடும் உண்டு. குரூப்பை உறுப்பையும் எண்ணையும் மட்டுமே அனுப்புகிறது. ‘திஸ்’ உள்ளீடு கிடையாது. அதையே பின்பற்றுங்கள்.

கடைசியாக, பலரும் மறக்கும் ஒன்று. நிபந்தனையாக, விடையைப் பிறகு தரும் ஏசிங்க் ஃபங்ஷனைக் கொடுத்தால் என்ன ஆகும்? அது உடனே ஒரு பிராமிஸை (பிறகு வரப்போகும் விடைக்கான பொருளை) திருப்பித் தரும். பிராமிஸ் ஓர் ஆப்ஜெக்ட். ஆப்ஜெக்ட் எப்போதும் ட்ரூவாகவே கொள்ளப்படும். எனவே எல்லா உறுப்புகளும் முதல் அர்ரேக்குப் போய்விடும், பிழைச் செய்தி எதுவும் இல்லாமல். ஃபில்டரிலும் இதே பொறி உண்டு என்பதால் இது உங்கள் குற்றமல்ல. ஆனால் கேட்பார்கள். ‘ஃபில்டரோடு ஒத்துப்போகிறது, ஏசிங்க் வடிவம் இந்த முன்மொழிவின் எல்லைக்கு வெளியே’ என்ற ஒரு வரியை எழுதிவையுங்கள்.

விவரக்குறிப்பின் வரைவு

இரண்டாம் நிலைக்கு இது தேவை. குழு தரும் வார்ப்புருக் களஞ்சியத்தை நகலெடுத்துத் தொடங்கலாம். எக்மார்க்கப் என்ற கருவி உங்கள் உரையைத் தரநிலையின் தோற்றத்துக்கு மாற்றித் தரும். பார்ட்டிஷனின் உடலைத் தமிழில் சொன்னால் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

1. முதல் உள்ளீடு அன்டிஃபைண்ட் அல்லது ‘நல்’ (வெற்று மதிப்பு) என்றால் டைப்எரர் வீசு.
2. நிபந்தனை அழைக்கத்தக்கதாக இல்லையென்றால் டைப்எரர் வீசு.
3. ‘தேறியவை’, ‘தேறாதவை’ என்று இரண்டு வெற்றுப் பட்டியல்களை உருவாக்கு.
4. முதல் உள்ளீட்டின் சுற்றியை (உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் பொருளை) பெறு; எண்ணியை 0 என்று வை.
5. அடுத்த உறுப்பை எடு. தீர்ந்துவிட்டால் இரண்டு பட்டியல்களையும் அர்ரேகளாக்கி, அந்த இரண்டையும் கொண்ட ஓர் அர்ரேயைத் திருப்பித் தா.
6. உறுப்பையும் எண்ணியையும் கொடுத்து நிபந்தனையை அழை. அது பிழை வீசினால் சுற்றியை மூடிவிட்டு அந்தப் பிழையையே வெளியே அனுப்பு.
7. விடையை ட்ரூ அல்லது ஃபால்ஸாக மாற்றி, உரிய பட்டியலின் கடைசியில் உறுப்பைச் சேர். எண்ணியைக் கூட்டி, 5க்குத் திரும்பு.

இதில் வரிசை மிக முக்கியம். 2ஐயும் 4ஐயும் இடம் மாற்றினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். சுற்றியைப் பெறுவதே பயனரின் நிரலை ஓடவைக்கும் செயல். நிபந்தனை தவறானது என்று தெரிந்த பிறகும் அந்த நிரல் ஓடுமா ஓடாதா என்பதை வெளியிலிருந்து பார்க்க முடியும். பார்க்க முடிந்தால் எஞ்சின்கள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போக வேண்டுமென்றால் தரநிலை சொல்லியாக வேண்டும். 6ஆம் படியில் சுற்றியை மூடுவதும் அப்படியே. அதை விட்டுவிட்டால், கோப்பு போன்ற வளத்தைப் பிடித்துவைத்திருக்கும் ஜெனரேட்டர் (உறுப்புகளை ஒவ்வொன்றாக உருவாக்கித் தரும் ஃபங்ஷன்) தன் இறுதிப் பகுதியை ஓட்டாமல் பாதியில் தொங்கும்.

ஒருவேளை புரோட்டோடைப் மெத்தடாகவே முன்மொழிந்தால் இன்னொரு வரி கூடும்: அன்ஸ்கோப்பபிள்ஸ் பட்டியலில் உங்கள் பெயரையும் சேர்க்க வேண்டும். ஃபைண்ட்லாஸ்ட், ஃபிளாட், டூசார்ட்டட் எல்லாம் அதில் இருக்கின்றன. ‘வித்’ மட்டும் இல்லை. அது ஒதுக்கப்பட்ட சொல் என்பதால் மாறியின் பெயராக வர வாய்ப்பே இல்லை.

பாலிஃபில் எழுதும்போது ஓர் எச்சரிக்கை

வரைவோடு பாலிஃபில் ஒன்றும், அதாவது அந்த மெத்தட் இல்லாத உலாவியிலும் அதன் வேலையைச் செய்யும் நிரலும், இருந்தால் விவாதம் எளிதாகும். ஆனால் அதை அர்ரேயின் மீதே ஒட்டி வெளியிடாதீர்கள். தனி ஃபங்ஷனாக, இறக்குமதி செய்து பயன்படுத்தும்படி வையுங்கள். வடிவம் உறுதியாகாத மெத்தடை மக்கள் பக்கங்களில் ஏற்றிவிட்டால், பிறகு நீங்கள் நடத்தையை மாற்றும்போது அந்தப் பக்கங்கள் உடையும்; உங்கள் முன்மொழிவுக்கே நீங்கள் மூடூல்ஸ் ஆகிவிடுவீர்கள்.

சாம்பியனைத் தேடுவதும் கூட்டமும்

குழுவின் பிரதிநிதி ஒருவர் சாம்பியனாக முன்வந்தால்தான் முன்மொழிவு நிகழ்ச்சிநிரலில் ஏறும். வெளியாள் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் இந்த வாசலைத் தாண்ட வேண்டும். எல்லாப் பிரதிநிதிகளுக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவது பயன்தராது. கூட்டக் குறிப்புகளைப் படித்து, அர்ரே, சுற்றிகள் போன்றவற்றில் யார் முன்பு முன்மொழிந்தார்கள், யார் ஆர்வத்தோடு கேள்வி கேட்டார்கள் என்று பாருங்கள். அவர்களுடைய நடப்பு முன்மொழிவுகளில் ஆவணத் திருத்தம், சோதனை எழுதுதல் என்று கொஞ்சம் வேலைசெய்துவிட்டுப் பிறகு உங்களுடையதைக் காட்டுங்கள். அறிமுகமில்லாதவரின் யோசனையைவிட, நேற்று தன் பிழையைத் திருத்திக்கொடுத்தவரின் யோசனையை யாரும் கவனித்துப் படிப்பார்கள். எக்மாவின் உறுப்பினர் அல்லாதவர் பங்களிக்க, காப்புரிமை, பதிப்புரிமை தொடர்பான ஒப்பந்தப் படிவத்தில் கையொப்பமிட வேண்டும்; இதைத் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள்.

நிலை உயர்வு கேட்கும் ஆவணங்கள் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே நிகழ்ச்சிநிரலில் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். தாமதமாக வந்தால், அந்தக் காரணத்துக்காகவே யாரும் மறுக்கலாம்.

1ஆம் நிலைக்கான உரையில் பிரச்சினையை மட்டும் சொல்லுங்கள். பெயரைக் கேட்டால் ‘பிறகு முடிவுசெய்யலாம்’ என்று தள்ளிவையுங்கள். பெயர் விவாதம் ஒருமுறை தொடங்கினால் ஒதுக்கிய நேரம் முழுவதையும் தின்றுவிடும். ஏறத்தாழ எந்த அர்ரே முன்மொழிவுக்கும் வரும் கேள்விகள் இவை: இதை லைப்ரரியிலேயே விட்டுவிட்டால் என்ன? எஞ்சினால் மட்டுமே செய்ய முடிந்த வேகம் இதில் ஏதாவது உண்டா? எண்களை மட்டும் வைக்கும் டைப்ட் அர்ரேகளுக்கும் வேண்டாமா? சுற்றிகளுக்கு? கடைசிக் கேள்விக்குப் பார்ட்டிஷனில் நல்ல விடை இருக்கிறது: சுற்றிகள் சோம்பேறித்தனமாக ஒவ்வோர் உறுப்பாக எடுப்பவை, இரண்டு வெளியீடுகளை வெவ்வேறு வேகத்தில் படித்தால், படிக்கப்படாத பக்கத்தின் உறுப்புகளை எங்காவது சேமித்துவைத்தாக வேண்டும். ஆகவே விடை அர்ரேகளாக இருப்பதே இயல்பு.

2.7க்குப் பிறகு

இங்கிருந்து பெரும்பாலும் உழைப்புதான். டெஸ்ட்262 என்ற பொதுச் சோதனைத் தொகுப்பில் உங்கள் ஃபங்ஷனுக்கான சோதனைகள் சேர வேண்டும். வேலையைச் சரியாகச் செய்கிறதா என்பதோடு, ஃபங்ஷனின் பெயர், அது எதிர்பார்க்கும் உள்ளீடுகளின் எண்ணிக்கை, ‘நியூ’ சேர்த்து அழைத்தால் பிழை வீசுகிறதா, ‘ஃபார்-இன்’ சுழற்சியில் தென்படாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு வேண்டும். மேலே எழுதிய ஏழு படிகளில் எங்கெல்லாம் பிழை எழலாமோ அங்கெல்லாம் ஒரு சோதனை.

3ஆம் நிலையில் வி8, ஸ்பைடர்மங்கி, ஜாவாஸ்கிரிப்ட்கோர் ஆகிய எஞ்சின்களில் வேலை தொடங்கும். உலாவிகளின் முன்னோட்டப் பதிப்புகளில் ஏறும்போதுதான் உண்மையான சோதனை: ஃபிளாட்டன் சிக்கலும் ஃபயர்ஃபாக்ஸின் அன்றாட முன்னோட்டப் பதிப்பில்தான் வெளிப்பட்டது. பக்கம் உடைவதாக வரும் புகார்களைத் தினமும் பாருங்கள். சோதனைகளில் தேறும் இரண்டு செயலாக்கங்களும் போதிய நடைமுறை அனுபவமும் இருந்தால் 4ஆம் நிலை கேட்கலாம். ஆண்டுதோறும் ஜூனில் எக்மாவின் பொதுக்குழு புதிய பதிப்புக்கு ஒப்புதல் தருகிறது.

பாதியில் நின்றுபோனால்

1ஆம் நிலையிலேயே பல முன்மொழிவுகள் ஆண்டுக்கணக்கில் உறங்குகின்றன. அப்படி ஆனால், எந்தக் கூட்டத்தில் யார் என்ன காரணம் சொன்னார்கள், எந்தச் சான்று இருந்தால் மனம் மாறுவார்கள் என்பதை முன்மொழிவின் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்துவிடுங்கள். அடுத்து வருபவர் அங்கிருந்து தொடரலாம். தோற்ற யோசனை பிறகு வெல்வதும் உண்டு. பிஹெச்பி என்ற இன்னொரு நிரல் மொழியில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு பெற்றால்தான் புதிய ஃபங்ஷன் நுழையும். 7.3 பதிப்புக்கான முன்மொழிவில் அர்ரேயின் முதல் கீ, கடைசிக் கீ இவற்றைத் தரும் ஃபங்ஷன்கள் தேறின. முதல் மதிப்பையும் கடைசி மதிப்பையும் தருபவை தோற்றன. அவை வேறு பெயரில், வேறு முன்மொழிவாக 8.5 பதிப்பில் 2025இல் வந்துசேர்ந்தன.